பிளவா, பொருத்தமா? அன்றாட ஆங்கிலத்தில் வினையடையும் 'டு' எச்சமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் 'டு' என்னும் இடைச்சொல்லுக்கும் அதனைத் தொடரும் வினைக்கும் நடுவில் வினையடை வருதல் பிழை என்னும் கருத்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலவுகிறது. அக்கருத்தை முன்வைத்த ஹென்றி ஆல்ஃபோர்டு, அதனைத் தளர்த்திய ஹெச். டபிள்யூ. ஃபௌலர் ஆகிய இருவரின் நிலைப்பாடுகளையும் அன்றாடப் பேச்சு வழக்கோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நடுவில் வரும் அடை எச்சத்தைப் பிளக்கவில்லை. தான் சிறப்பிக்கும் வினையின் அருகில் நிற்கிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வினையடை, செயவெனெச்சம், பிளவுண்ட எச்சம், பேச்சு வழக்கு, ஃபௌலர்

முன்னுரை

'வாண்ட் டு', 'ட்ரை டு', 'அக்ரீ டு' போன்ற தொடர்கள் இன்றி ஆங்கிலத்தில் சிறு உரையாடலும் நிகழ்வது அரிது. இவற்றில் இரு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன: ஒன்று முற்று, மற்றொன்று எச்சம். இத்தகைய தொடரில் ஒரு வினையடை புகுமாயின் அது எவ்வினையைச் சிறப்பிக்கிறது என்னும் வினா எழுகிறது. மரபு இலக்கணம் இவ்வினாவைப் பொருள் நோக்கில் அணுகாமல், அடை நிற்கத் தகாத இடம் எது என்பதையே பெரிதும் ஆராய்ந்தது. அதனால் நேர்ந்த இழப்பை உணர்ந்தாலன்றி அவ்விதியை முறையாக மதிப்பிட இயலாது.

விதியின் தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் எச்சம், விகுதி பெற்ற ஒரே சொல்லாக இருந்தது. 'டு' என்பது அதன் ஒரு வடிவத்தின் முன் வந்த முன்னிடைச்சொல். விகுதிகள் தேய்ந்து மறைந்தபின் எச்சத்தை அடையாளப்படுத்தும் பணி 'டு' மீது விழுந்தது. 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே அதற்கும் வினைக்கும் நடுவில் வினையடை வருவதைக் காணலாம்.

ஆல்ஃபோர்டு 1864இல் வெளியிட்ட 'எ ப்ளீ ஃபார் த குவீன்ஸ் இங்கிலிஷ்' என்னும் நூலில் இவ்வழக்கைக் கண்டித்தார். இலத்தீனில் எச்சம் ஒரே சொல் என்பதால் ஆங்கிலத்திலும் அதனைப் பிரிக்கலாகாது என்று இலக்கணிகள் கருதியதே இவ்விதியின் மூலம் எனப் பலரும் கூறுவர். ஆனால் ஆல்ஃபோர்டு தம் கண்டனத்துக்கு இலத்தீனைத் துணைக்கு அழைக்கவில்லை. ஆங்கிலம் பேசுவோரும் எழுதுவோரும் அறியாத வழக்கு இது என்பதும், 'டு' வினையினின்று பிரியாதது என்பதுமே அவர் கூறிய காரணங்கள். அவருடைய வாதம் வழக்கைச் சான்றாகக் கொண்ட வாதம். ஆகவே வழக்கைக் கொண்டே அதனைச் சோதித்தல் வேண்டும். அச்சோதனையில் அது நிற்கவில்லை.

ஃபௌலரின் தளர்வும் அதன் எல்லையும்

ஃபௌலர் 1926இல் வெளியிட்ட 'எ டிக்‌ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ்' இவ்விவாதத்தின் திருப்புமுனை. ஆங்கிலம் வழங்கும் உலகை, பிளவுண்ட எச்சம் இன்னதென அறியாதார், அறிந்தார் என்னும் அடிப்படையிலும் அவர்தம் மனப்பாங்கின் அடிப்படையிலும் அவர் ஐவகையாகப் பிரித்தார். அறியாமலேயே அஞ்சுவோரை எள்ளி நகையாடினார். பொருள் மயக்கமோ செயற்கைத் தன்மையோ நேரும் இடத்தில் பிளவையே ஏற்கலாம் என்றார். இது துணிவான தளர்வு என்பதில் ஐயமில்லை.

எனினும் அவர் பார்வையில் பிளவு பொறுத்துக்கொள்ளத்தக்க ஒரு குறையாகவே எஞ்சியது. வேறு வழி இல்லாதபோது மட்டும் கொள்ளத்தக்கது என்பதால், அவ்விடம் தனக்கென ஒரு பொருளைத் தரவல்லது என்னும் உண்மை அவருடைய பகுப்பில் இடம்பெறவில்லை.

அன்றாட வழக்கு காட்டுவது

'ஐ ரியலி வாண்ட் டு அண்டர்ஸ்டாண்ட் இட்' என்பதில் அடை விருப்பத்தைச் சார்கிறது. விரும்புவது மெய் என்பது பொருள். 'ஐ வாண்ட் டு ரியலி அண்டர்ஸ்டாண்ட் இட்' என்பதில் அது புரிதலைச் சார்கிறது. மேலோட்டமாக அன்றி ஆழ்ந்து புரிந்துகொள்ள வேண்டும் என்பது பொருள். 'ஐ ஜஸ்ட் வாண்ட் டு சிட்' என்பவர் வேறெதுவும் வேண்டாம், அமர்ந்தால் போதும் என்கிறார். 'ஐ வாண்ட் டு ஜஸ்ட் சிட்' என்பவர் ஒன்றும் செய்யாமல் வெறுமனே அமர்ந்திருக்க விரும்புகிறார். விதிக்கு அஞ்சி இரண்டாம் தொடரை முதல் தொடராகத் திருத்துபவர், நடையைத் திருத்துவதாக எண்ணிப் பொருளை மாற்றிவிடுகிறார்.

அடையை இறுதிக்குக் கொண்டுசென்றால் சிக்கல் தீரும் எனலாம். 'ஷி அக்ரீட் டு ரிட்டர்ன் த மணி க்விக்லி' போன்ற சிறு தொடரில் அது பொருந்தும். ஆனால் 'ஷி அக்ரீட் டு ரிட்டர்ன் த மணி ஹர் பிரதர் பாரோட் க்விக்லி' என்று செயப்படுபொருள் நீளும்போது, விரைவு என்பது கடன் வாங்கியதைச் சார்ந்துவிடுகிறது. 'டு' என்பதற்கு முன் வைத்து 'அக்ரீட் க்விக்லி டு ரிட்டர்ன்' என்றாலோ, ஒப்புக்கொண்டது விரைவா, திருப்பித் தருவது விரைவா என்னும் மயக்கம் எழுகிறது. 'வி எக்ஸ்பெக்ட் த பிரைஸ் டு மோர் தேன் டபுள்' என்னும் தொடரிலோ, வினையை மாற்றாமல் அடையை நகர்த்த வேறிடமே இல்லை.

'டு' வினையின் உறுப்பன்று என்பதற்கும் பேச்சே சான்று தருகிறது. கேள்விக்கு விடையாக 'ஐ வாண்ட் டு' என்று நிறுத்தும்போது வினை மறைய, 'டு' மட்டும் எஞ்சுகிறது. 'டு சிட் அண்ட் ரெஸ்ட்' என்பதில் ஒரே 'டு' இரு வினைகளுக்கும் பொதுவாகிறது. 'வாண்ட் டு' என்பது 'வானா' என்றும், 'கோயிங் டு' என்பது 'கானா' என்றும் திரிகையில் 'டு' பின்வரும் வினையை விடுத்து முன்னுள்ள சொல்லோடு கலந்துவிடுகிறது. ஒலிக்கலப்பு ஒன்றே தொடரமைப்பை நிறுவிவிடாது; ஆயினும் மேற்கூறிய பிற சான்றுகளோடு அது ஒத்துச் செல்கிறது. ஹட்டில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட 'த கேம்பிரிட்ஜ் கிராமர் ஆஃப் த இங்கிலிஷ் லாங்குவேஜ்' என்னும் இலக்கணமும் 'டு' வினையின் பகுதியன்று என்பதால் இங்குப் பிளக்கப்படுவது எதுவுமில்லை என்றே கொள்கிறது.

தமிழ் நோக்கில்

தமிழில் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் ஒரே சொல். அதனால் எச்சத்தைப் பிரிக்கலாகாது என்னும் ஆங்கில விதி தமிழ் மாணவருக்கு எளிதில் ஏற்புடையதாகத் தோன்றக்கூடும். ஆனால் தமிழின் இயல்பு உண்மையில் எதிர்ப்பக்கம் நிற்கிறது. 'விரைவாகப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டாள்' என்பதில் சிறிது மயக்கம் உண்டு. 'பணத்தை விரைவாகத் திருப்பித் தர ஒப்புக்கொண்டாள்' என்றவுடன் அது பெரிதும் நீங்குகிறது. அடை தான் சிறப்பிக்கும் வினையை ஒட்டி அதன் முன் நிற்பதே தெளிவுக்கு வழி. 'டு க்விக்லி ரிட்டர்ன்' என்னும் ஆங்கிலத் தொடரும் அதனையே செய்கிறது. ஆகவே தமிழ் மாணவர் தம் தாய்மொழி உணர்வால் இவ்வாறு எழுதும்போது, அதனைப் பிழையெனக் குறிப்பது அவருடைய சரியான உணர்வையே ஐயுறச் செய்வதாகும்.

முடிவுரை

எல்லாப் பிளவும் நன்று என்பதன்று இக்கட்டுரையின் கருத்து. நீண்ட அடைத்தொடர் நடுவில் புகுந்தால் கேட்போர் வினைக்காகக் காத்திருக்க நேரும். அங்கு வேறிடம் தேடுவதே தக்கது. ஆனால் அத்தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது பொருளும் செவியுமே அன்றித் தடை அன்று. ஆல்ஃபோர்டு வழக்கில் இல்லை என்றது வழக்கில் இருந்தது. ஃபௌலர் மன்னித்தது மன்னிப்பை வேண்டாதது. அடை எங்கு நிற்கலாகாது என்று கற்பிப்பதை விடுத்து, அது எவ்வினைக்கு உரியது என்று வினவக் கற்பிப்பதே மொழிக்கல்விக்குப் பயன் தரும்.