அழுகுரல் கேட்பவர் யார்? – ‘எரியும் பனிக்காடு’ நாவலை முன்வைத்து

சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலும் மாரமங்கலத்திலும் வாழ்வோர்க்குத் தோட்டத்தின் கதையை நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார் என்பதை வரலாற்று நூல்கள் மறவாமல் கூறுகின்றன. அச்செடிகளுக்குக் குழி தோண்டியவர் பெயரை அந்நூல்களில் காண்பது அரிது. ஆனைமலையிலும் இதுவே நிலை. வால்பாறைப் பகுதியில் கார்வர் மார்ஷ் என்னும் தோட்டத்துரைக்குச் சிலை உண்டு. அவர்தம் காலத்தில் காடழித்துக் காய்ச்சலில் மாண்டவர்க்குக் கல்லறையும் இல்லை.

விவிலியத்தைத் திறந்தால் இக்கணக்கு தலைகீழாக மாறக் காண்கிறோம். ‘விடுதலைப் பயணம்’ என்னும் நூலின் முதல் அதிகாரத்தில் எபிரேயக் குழந்தைகளைக் காப்பாற்றிய இரு மருத்துவப் பெண்களின் பெயர்கள் உள்ளன: சிப்ரா, பூவா. குழந்தைகளைக் கொல்லச் சொன்ன மன்னனுக்கோ ‘பார்வோன்’ என்ற பட்டம் மட்டுமே. அவனுடைய பெயரை அந்நூல் சொல்லவேயில்லை. எகிப்தின் கற்களில் மன்னர் பெயர்கள் செதுக்கப்பட்டன. இறைமக்களின் நூல் நினைவில் வைத்தது இரு பெண்களை. இறைவன் நினைவுகூர்தல் என்றால் என்ன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்வினாவோடு நாம் அணுக விரும்பும் நூல் ‘எரியும் பனிக்காடு’. தோட்டத் தொழிலாளரிடையே மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் இதனை ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்ற பெயரில் எழுதினார். 1969-இல் அது வெளிவந்தது. இரா. முருகவேள் தமிழாக்கிய பின்பு, 2007-இல், அது நம் கைக்கு எட்டியது. முதிய தொழிலாளர் சொல்லக் கேட்டவற்றைக் கொண்டே ஆசிரியர் தம் கதையை அமைத்தார். ஆக, நாவல் என்று அழைக்கப்படினும், இது முதலில் ஒரு செவியின் வேலை; பின்னரே கையின் வேலை.

கதை எளியது. திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தில் வாடும் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் ஒரு மேஸ்திரியின் இனிய சொல்லை நம்பி முன்பணம் பெறுகின்றனர். ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஓராண்டு உழைத்தால் கடன் தீரும், கையில் காசோடு ஊர் திரும்பலாம் என்பது அவர்கள் கனவு. கடன் தீர்வதில்லை. குளிரும் அட்டையும் மலேரியாவும் மேஸ்திரியின் கம்பும் சேர்ந்து அவர்களை அரைக்கின்றன. பெண்கள் இன்னும் கொடியதைச் சுமக்கின்றனர். பின்னர் மருத்துவர் ஆபிரகாம் அத்தோட்டத்திற்கு வருகிறார். கண்டதைக் கண்டு உறங்க மாட்டாதவராகிறார்.

இறைவன் கேட்டார் என்று விவிலியம் கூறுமிடத்தை இங்கே உற்று நோக்குவது நலம். ‘விடுதலைப் பயணம்’ இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் நான்கு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன: இறைவன் கேட்டார், நினைவுகூர்ந்தார், கண்டார், அறிந்தார். அதற்கு முன் மக்கள் செய்ததாகச் சொல்லப்படுவது என்ன? அவர்கள் பலி செலுத்தியதாகவோ முறைப்படி மன்றாடியதாகவோ அவ்விடத்தில் கூறப்படவில்லை. அடிமை வேலையில் ஏங்கிப் புலம்பினார்கள். அப்புலம்பல் மேலெழுந்து சென்றது. யாரை நோக்கி என்று அறியாமல் எழுந்த ஓலத்தையும் தம்மை நோக்கிய மன்றாட்டாக ஏற்றுக்கொள்பவர் நம் ஆண்டவர். செபம் செய்யத் தெரியாதவன் குரலும் அவர் செவிக்குத் தப்புவதில்லை.

மேலும், விவிலியத்தில் இறைவனின் நினைவு வெறும் எண்ணமாக நின்றுவிடுவதில்லை. நோவாவை நினைவுகூர்ந்தார், காற்று வீசியது, வெள்ளம் வடிந்தது. ராகேலை நினைவுகூர்ந்தார், அவள் தாயானாள். அடிமைப் பெண் ஆகாரின் துயரைக் கேட்டார். அவள் மகனுக்கு ‘இறைவன் கேட்கிறார்’ என்று பொருள்படும் இஸ்மயேல் என்ற பெயர் நிலைத்தது. அவர் நினைத்தால் ஏதோ ஒன்று அசைகிறது. இந்த அளவுகோலை நாம் நம் இலக்கியத்தின் மீது வைத்துப் பார்க்கலாம்.

இதே வினாவைப் பாரதியார் முன்னரே எழுப்பியதை நாம் அறிவோம். பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களைக் குறித்த தம் பாடலில், அவர்களின் விம்மலைக் கேட்டாயா என்று அவர் காற்றை வினவுகிறார். கேட்பதற்கு மனிதர் இல்லாத இடத்தில் காற்றையாவது சாட்சிக்கு அழைக்கும் துயரம் அது. ஆயினும் அக்குரல் காற்றோடு போய்விடவில்லை. 1915-இல் ஆண்டுரூசும் பியர்சனும் பீஜிக்கே சென்று தொழிலாளரைக் கண்டு, கேட்டதை எழுதினர். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியால் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் அனுப்பும் முறை தளர்ந்து வீழ்ந்தது; 1920-இல் அங்கிருந்தோரின் ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

டேனியலின் நாவலும் இவ்வழியில் நிற்கிறது. அதன் சிறப்பு, இரக்கத்தைக் கெஞ்சாமல் கணக்கைக் காட்டுவது. முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, நோயில் கிடந்த நாளுக்குக் கூலி என்ன என்று அது விரித்துரைக்கும்போது, கொடுமை ஒரு தீயவனின் குணமாக இல்லாமல் ஓர் ஏற்பாடாக நமக்கு விளங்குகிறது. இறைவன் ‘அறிந்தார்’ என்னும் நான்காம் வினைக்கு இலக்கியத்தில் இதுவே இணை. கண்ணீரைக் கண்டு உருகுவது எளிது. அக்கண்ணீர் எந்தக் கணக்கேட்டில் பிறக்கிறது என்று அறிவது கடினம்.

குறை இல்லையா? உண்டு. ஆபிரகாம் வந்த பின்பு நூலின் பார்வை பெரிதும் அவர் கண் வழியே செல்லத் தொடங்குகிறது. அதுவரை பசித்தும் நம்பியும் ஏமாந்தும் நம்மோடு நடந்த மக்கள், மெல்ல நோயாளிகளாகிப் பின்னிருக்கைக்குப் போகின்றனர். விவிலியத்தில் மோசே அழைக்கப்படும் முன்பே மக்களின் ஓலம் விண்ணை எட்டிவிட்டது. அழைக்கப்பட்டவர் அவ்வோலத்தின் பணியாளரேயன்றி அதன் உரிமையாளர் அல்லர். இவ்வேறுபாட்டை நாவல் எப்போதும் காத்துக்கொள்ளவில்லை. யாரைப் பற்றிய கதையோ அவர்கள் மொழிக்கு அது வந்துசேர 38 ஆண்டுகள் ஆயின என்பதும் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். அவர்கள் சொன்னதை உலகம் கேட்டது. அவர்கள் சொன்னதை அவர்களே படிக்க இயலவில்லை.

இந்நாவலைத் தழுவி 2013-இல் பாலா இயக்கிய ‘பரதேசி’ திரைப்படம் மருத்துவரை மதம் பரப்பும் கேலிப்பாத்திரமாக மாற்றியது. நம்மவர் பலர் மனம் வருந்தினர், அவ்வருத்தம் நியாயமே. எனினும் நம் சமயத்திற்கு நேர்ந்த இழுக்கு பெரிதன்று. கேட்கும் செவி ஒன்று கதையிலிருந்து அகற்றப்பட்டதே பேரிழப்பு. நோயுற்றோர் நடுவே ஆடிப்பாடுவோர் எவரும் அவர்களைக் கேட்பதில்லை என்ற எச்சரிக்கையாக அக்காட்சியை நாம் எடுத்துக்கொள்ளலாகாதா? அதே படத்தின் முடிவில், தன் மனைவியும் பிள்ளையும் புதிய கூலிகளாக மலையேறி வருவதைக் கண்டு நாயகன் கதறுகிறான். கேட்பார் எவருமில்லை. எபிரேயரின் புலம்பலுக்கு மிக அருகில் வரும் காட்சி அதுவே.

இங்கே நாம் தவிர்க்கக் கூடாத வினா ஒன்று எஞ்சுகிறது. மருத்துவர் வருமுன் மாண்டவர்கள்? மோசே பிறக்குமுன் செங்கல் சூளையில் மடிந்தவர்கள்? 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது நன்று. அதற்கு முன்னரே இறந்தவருக்கு அது என்ன செய்தது? ‘இறைவன் நம் வழியாகவே செயல்படுகிறார்’ என்று கூறி நாம் அமைந்துவிட்டால், நாம் பிந்திப்போன இடங்களிலெல்லாம் இறைவனும் பிந்திவிட்டார் என்றாகும். எந்தச் சட்டமும் எந்த நாவலும் அவர்களை எழுப்பா.

விவிலியம் இதற்கு எளிய ஆறுதல் தரவில்லை. ஒரு துணிவைத் தருகிறது. ஆபேல் இறந்த பின்னும் அவன் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிட்டது. இறைவன் அதைக் கேட்டார், காயினிடம் கணக்குக் கேட்டார். சிலுவையில் தொங்கிய குற்றவாளி தன்னை நினைவில் கொள்ளுமாறு மட்டுமே வேண்டினான். பெற்றதோ பேரின்ப வீடு. இறந்தோரும் இறைவனின் நினைவில் உயிர்த்தெழுதலுக்கெனக் காக்கப்படுகின்றனர் என்பது நம் நம்பிக்கை. ஆனால் இந்நம்பிக்கை துன்புறுவோர் வாயை அடைக்க நம் கையில் தரப்பட்டதன்று. ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று பிறன் துயரத்தில் நாம் சொல்லும்போது, காயினின் விடையையே வேறு சொற்களில் சொல்லுகிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருப்பலிதோறும் ‘என் நினைவாக’ என்ற ஆண்டவரின் கட்டளையைக் கேட்டு நினைவுகூரும் மக்கள் நாம். வால்பாறையிலும் நீலகிரியிலும் இன்று கொழுந்து பறிப்போருள் ஜார்க்கண்டு, அசாம் மாநிலத்தவரும் உள்ளனர். அவர்கள் புலம்பினால் நமக்கு மொழி விளங்காது. நம் சேர்வராயன் மலையில் அன்றைய தோட்ட வாழ்வைத் தாய் தந்தையர் வாயிலாகக் கேட்டறிந்த முதியோர் இன்னும் நம்மோடு உள்ளனர். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதிவைக்க ஒரு குறிப்பேடு போதும். நவம்பர் 2-ஆம் நாள் இறந்த விசுவாசிகளுக்காக வேண்டும்போது, தோட்டங்களில் பெயரின்றிப் புதையுண்டோர்க்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்ப்பது எந்தப் பங்கிற்கும் இயலாததன்று. அம்மன்றாட்டில் நாம் சொல்ல மாட்டாத பெயர்களை இறைவன் அறிவார்.