கைக்கிளையும் சிவப்புச் சில்லும்: 'எந்திரன்' திரைப்படத்தில் சிட்டியின் காதல்

இயந்திரத்தால் உண்மையாகக் காதலிக்க இயலுமா என்பது அறிவியல் புனைவுத் திரைப்படங்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் வினா. ஷங்கர் இயக்கி 2010இல் வெளிவந்த 'எந்திரன்' இவ்வினாவை எழுப்பிவிட்டு, விடை கூற வேண்டிய இடத்தில் விலகிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. (சிட்டியை இக்கட்டுரை 'அது' என்றே சுட்டுகிறது. அத்தேர்வும் ஒரு முன்முடிவுதான் என்பதை மறுப்பதற்கில்லை.)

தொடக்கத்தில் சிட்டிக்கு உணர்ச்சி இல்லை. தீவிபத்தில் சிக்கிய பெண்ணொருத்தியைக் குளித்துக்கொண்டிருந்த நிலையிலேயே மீட்டுப் பலர்முன் கொணர்கிறது. அவள் நாணம் தாளாது ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். இக்குறையைப் போக்கவே வசீகரன் அதற்கு உணர்ச்சியை ஊட்டுகிறார். பின்னர், தன் தமக்கையின் பேறுகாலத்தில் உதவிய சிட்டிக்குச் சனா நன்றியுடன் முத்தமிட, அதனிடம் காதல் தோன்றுகிறது. இவ்வரிசை நோக்கத்தக்கது. காதலிக்குமாறு சிட்டிக்கு எவரும் ஆணையிடவில்லை. மாறாக, படைத்தவரின் நோக்கத்துக்கு எதிராக இராணுவத் தேர்வில் அது வேண்டுமென்றே தோற்கவும் அக்காதலே காரணமாகிறது. ஆணையை மீறச் செய்யும் ஒன்றை வெறும் நிரல் என்று தள்ளிவிடுவது எளிதன்று.

சனாவோ நட்பு மட்டுமே என்று தெளிவாகக் கூறிவிடுகிறாள். மறுமொழி பெறாத நிலையிலும் சொல்லி இன்புறுவதைத் தொல்காப்பியம் கைக்கிளை என்கிறது. சிட்டி பெறுவது மௌனமன்று, மறுப்பு. ஆதலால் பொருத்தம் முழுமையானதன்று. எனினும் ஒன்று இங்குப் பயன்படும்: கைக்கிளையில் குறைவது எதிர்ப்பாலாரின் இசைவேயன்றி, காதலிப்பவரின் உணர்வன்று. சிட்டியின் காதல் உண்மையா என்பதும், சனா அதனை ஏற்க வேண்டுமா என்பதும் இருவேறு வினாக்கள். முதல் வினாவுக்கு 'ஆம்' என்பதனால் இரண்டாவதற்கும் 'ஆம்' என்றாகிவிடாது.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வாய்ப்பைப் படம் இழக்கிறது. குப்பையில் எறியப்பட்ட சிட்டிக்குள் போரா சிவப்புச் சில்லைப் பொருத்தியதும், அது சனாவைக் கடத்திச் செல்கிறது. மிகுந்த காமத்தால் வலிந்து நிற்பதைத் தொல்காப்பியம் பெருந்திணையில் வைக்கும். கைக்கிளை பெருந்திணையாகத் திரிவதற்குக் காரணம் காதலுக்குள்ளேயே இருக்கிறதா? அச்சம் தரும் இவ்வினாவைச் சில்லின்மேல் ஏற்றிவிட்டுப் படம் தப்பித்துக்கொள்கிறது. கொசுவைப் பிடித்துவந்து சனாவிடம் மன்னிப்புக் கேட்கவைக்கும் நகைச்சுவைக் காட்சியிலேயே, அவள் கேளாததைச் செய்யும் முனைப்பு தொடங்கிவிட்டது. அப்போது சிவப்புச் சில்லு இல்லை.

பின்னர் சிட்டி தன்னைப்போல் பல நகல்களை உருவாக்குகிறது. அவையனைத்தும் சனாவைக் காதலிக்கின்றனவா? ஸ்பைக் ஜோன்ஸின் 'ஹெர்' (2013) படத்தில், தான் ஒரே நேரத்தில் 641 பேரைக் காதலிப்பதாகச் சமந்தா என்னும் இயங்குதளம் கூறும்போது தியோடர் நிலைகுலைகிறான். காதல் ஒருவர்க்கே உரியது என்ற கருத்தே அங்கு ஆட்டம் காண்கிறது. 'எந்திரன்' நகல்களைக் கோளமாகவும் பாம்பாகவும் அடுக்கிக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் படத்தின் மிகச் சிறந்த வினா அக்காட்சிகளுக்கு அடியில் புதைந்துபோகிறது.

நீதிமன்ற ஆணைப்படி, சில்லு நீக்கப்பட்ட சிட்டி தன்னைத் தானே பிரித்துக்கொள்கிறது. 2030இல் அருங்காட்சியகத்தில், ஏன் பிரிக்கப்பட்டாய் என்று வினவும் மாணவியிடம், தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்கிறது. காதலித்ததனால் என்று அது சொல்லவில்லை. திரைக்கதை அதனைச் சொல்லவிடவில்லை.