கியூஆர் குறியீடும் மலையக வகுப்பறையும்: ஒரு நோக்கு

கல்விச் சாதனமொன்றை மதிப்பிடுமிடத்து அதன் புதுமையை மாத்திரம் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அது எவருடைய கையில் எதனை வேண்டி நிற்கின்றது என்பதே முதலில் எழவேண்டிய வினாவாகும். 1994 ஆம் ஆண்டு யப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசகிரோ ஹாராவும் அவர்தம் குழுவினரும் வாகன உதிரிப்பாகங்களை இனங்காண்பதற்கென உருவாக்கிய கியூஆர் குறியீட்டுக்கும் இவ்வினா பொருந்தும்.

தமிழ்நாட்டில் 2018 ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பாடநூல்கள் இக்குறியீட்டைத் தாங்கி வந்தன. அதற்கு முன்னரே மகாராட்டிர மாநிலத்தின் பரிதேவாடிக் கிராமப் பள்ளியில் ரஞ்சித்சிங் திசாலே என்னும் ஆசிரியர் இதனைக் கையாண்டார்; 2020 ஆம் ஆண்டின் உலக ஆசிரியர் பரிசும் அவரைச் சேர்ந்தது. இதனைக் குறியீட்டின் வெற்றி எனக் கொண்டாடுவோர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். பாடநூலின் மொழி பிள்ளைகளின் தாய்மொழியன்று எனக் கண்ட அவர், அந்நூலை அவர்தம் மொழிக்குப் பெயர்த்தார். அம்முயற்சியோடு இணைந்தமையாலேயே குறியீடு பயன் தந்தது. உழைப்பு ஆசிரியருடையது, குறியீடு அதனைக் கொண்டுசென்ற வாகனமே.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள றொசல்ல போன்ற தோட்டப் பகுதியில் இவ்வாகனம் எவ்வாறு ஓடும்? லயத்து வீட்டில் கைத்தொலைபேசி ஒன்றிருப்பினும், அது பெற்றோருடன் வேலைக்குச் சென்றுவிடலாம். மலைமுகடுகள் அலைவரிசையை மறிக்கலாம். 2020 ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்ட வேளை, அலைவரிசை தேடி மேட்டு நிலங்களுக்கு ஏறிய பிள்ளைகளின் நிலை இதனை உணர்த்திற்று. இலங்கையில் 1980 ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் இலவசப் பாடநூல், எவ்வளவு குறையுடையதாயினும், பிள்ளையின் கையில் முழுமையாகத் திறக்கின்றது. பாடத்தின் இன்றியமையாத பகுதி குறியீட்டுக்குள் ஒதுக்கப்படுமாயின், இலவச நூலின் அப்பகுதி விலைக்குரியதாகிவிடும்.

இதனால் குறியீட்டையே விலக்கவேண்டுமென்பதில்லை. இணைய முகவரிக்குப் பதிலாக எழுத்தையே அது தாங்கவல்லது. அதன் உச்சக் கொள்ளளவு 2953 பைட்டுகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் வழக்கமாக 3 பைட்டுகளைக் கொள்வதால், சிறு விளக்கமொன்றை இணையமின்றியே வழங்கலாம். ஆயினும் தொலைபேசி தேவை என்னும் குறை இங்கும் நீங்குவதில்லை.

அக்குறையை நீக்குவது, வருடும் திசையை மாற்றுதலேயாகும். பிளிக்கர்ஸ் என்னும் முறையில் மாணவர் ஒவ்வொருவரும் அச்சிட்ட குறியீட்டு அட்டையொன்றை வைத்திருப்பர். தாம் தெரிவுசெய்யும் விடைக்கேற்ப அட்டையைத் திருப்பிப் பிடிப்பர். ஆசிரியர் தமது ஒரே தொலைபேசியால் வகுப்பு முழுவதையும் வருடிக்கொள்வார். அட்டைகள் வெவ்வேறானவை ஆதலின் அயலிலிருப்பவர் விடையை எளிதில் அறியார். கூச்சமுடைய பிள்ளையும் அச்சமின்றி விடையளிக்கும். தெரிவு வினாக்களுக்கு அப்பால் இம்முறை செல்லாது என்பதும், பிழையின் காரணத்தை ஆசிரியரே விசாரித்தறிய வேண்டும் என்பதும் இதன் எல்லைகளாம்.

எனவே, குறியீடு நல்லதா தீயதா என்பதன்று பிரச்சினை. சாதனத்தின் சுமையை மாணவர் வீட்டின் மீது ஏற்றும் முறை ஏற்றத்தாழ்வைப் பெருக்கும். அதனைப் பாடசாலையே தாங்கும் முறை அவ்வேற்றத்தாழ்வை வகுப்பறை வாசலிலாவது தடுத்து நிறுத்தும். மலையகத்துக்கு வேண்டியது இரண்டாவதே.