பெயரில்லாமல் திறக்கும் கோப்பு

அரசு கலைக் கல்லூரியும் மெட்ரோ தலைமையகமும் உள்ள சென்னை நந்தனத்தில், ஒரு ஜாப் டைப்பிங் கடையில் விண்ணப்பம் அடிக்கக் கொடுத்தேன். அங்கே தட்டச்சு செய்யும் அம்மா ஒரு டெம்ப்ளேட்டைத் திறந்தார். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பார்வை எல்லாம் அதனதன் இடத்தில் காத்திருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: டெம்ப்ளேட்டைச் சொடுக்கினால் மூலம் திறப்பதில்லை, பெயரிடாத புதுக் கோப்பு வருகிறது. பழைய கடிதத்தின் மேலேயே திருத்தி அடித்தால் போன ஆளின் பெயரும் தேதியும் ஒட்டிக்கொண்டு வருமே, அது இங்கே இல்லை. வேறொருவர் பெயரோடு எனக்கே ஒரு கடிதம் வந்திருக்கிறது. பொருள், கடிதத்தின் உடற்பகுதி என்று தனித்தனி ஸ்டைல்களும் உள்ளேயே இருப்பதால் எழுத்துருவும் இடைவெளியும் கடிதத்துக்குக் கடிதம் மாறுவதில்லை.

பொருள் வரி சற்று உள்தள்ளி, பார்வை அதற்கு நேர்கீழே, தாள் சூடாக வெளியே வந்தது.