தெருவில் கேட்ட தோடி

ஒரு பாடகர் யாரைக் கேட்டுப் பாட வந்தார் என்று விசாரித்தால், இன்னொரு பாடகரின் பெயரைத்தான் எதிர்பார்ப்போம். ஆனால் சென்ற நூற்றாண்டில் தஞ்சை மண்ணிலிருந்து வந்த பெரிய குரல்களின் வேர் தேடிப் போனால், பாதி வழியிலேயே ஒரு நாகஸ்வரம் குறுக்கே வந்து நிற்கும். அது பெரும்பாலும் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரமாக இருக்கும். வாசிக்கும் ராகம் தோடியாக இருக்கும்.

அந்தத் தோடியை நான் முதலில் கேட்டது இசைத்தட்டிலிருந்து நாடாவுக்கும், ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடாவுக்கும் மாறி மாறித் தேய்ந்து வந்த ஒரு பிரதியில். ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து மழையைக் கேட்பது போன்ற இரைச்சல். அந்த மழைக்கு நடுவிலிருந்து ஒரு கார்வை எழுந்தது. இரைச்சல் அதோடு மறந்து போயிற்று. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று முன்பின்தான் ஓடும். ராத்திரி முழுக்க வீதியில் வாசித்துத் தீராத ராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார். மடித்த அடையாளமே தெரியவில்லை.

தோடியில் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காது. ரிஷபத்தைத் தொட்டு, மத்யமத்தை எட்டிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவு ஒரு இழை கூடினாலும் குறைந்தாலும் ராகம் கலைந்துவிடும். நாகஸ்வரத்தில் வாசிக்கிற துளைகள் ஏழுதான். அந்த ஏழு துளைக்குள் இந்த அசைவுக்கு இடம் கிடையாது. பாதி மூடிய விரல் நுனியும், சீவாளியைக் கவ்வியிருக்கும் உதடும், மூச்சின் அழுத்தமும் சேர்ந்துதான் அதை உண்டாக்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை அந்தக் காந்தாரத்தை அசைக்கும்போது, ஊஞ்சலைத் தள்ளிவிட்டு அது தானாகத் திரும்பி வரட்டும் என்று காத்திருப்பவரின் நிதானம் தெரியும். பிறகு மத்யமத்திலிருந்து பஞ்சமத்தைத் தொடாமலே தைவதத்துக்குத் தாவுவார். நிஷாதத்திலிருந்து ஷட்ஜத்தை விட்டுவிட்டு மேல் ரிஷபத்தில் போய் இறங்குவார். நாம் கால் வைக்கத் தேடுகிற இரண்டு படிகளையும் எடுத்துவிடுகிறார். கேட்கிறவனுக்கு வயிற்றில் ஒரு சில்லிப்பு. அதற்குப் பிறகு, வெகுநேரம் காக்க வைத்து, ஷட்ஜத்தைத் தருவார். அந்த ஷட்ஜம் வீடு வந்து சேர்ந்தது போல் இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துத்துக்காரம் போட்டு ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் நறுக்கித் தருவது நாகஸ்வரத்தில் ஒரு அழகு. இவருடைய ஆலாபனையிலோ நறுக்கே காதில் படாது. வாய்ப்பாட்டுக்காரர் அகாரம் பிடிப்பது போல ஒரே இழுப்பில் போகும். காரணம் உண்டு. இவர் முதலில் கற்றது பாட்டு. பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் பாடம். அதன் பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகஸ்வரம். ஆக, பாட்டு குழலுக்குள் போய், குழலிலிருந்து மறுபடியும் பாட்டாக வெளியே வந்திருக்கிறது. அந்தக் கிருஷ்ணய்யரின் மருமான்தான் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் என்பதை நினைத்தால், காவிரிக் கரையில் சங்கீதம் எத்தனை நெருக்கமான வீடுகளுக்குள் புழங்கியிருக்கிறது என்று புரியும்.

கருவியின் கதையையும் சொல்லாமல் விடக் கூடாது. முன்பெல்லாம் திமிரி என்கிற குட்டை நாகஸ்வரம்தான். சுருதி உச்சத்தில் இருக்கும். நீளமான பாரி நாகஸ்வரத்தைப் பிரபலமாக்கியவர் ராஜரத்தினம் பிள்ளை. சுருதி இறங்கியது, நாதம் கனத்தது. சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசும்படி அந்தக் குழலைக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ஆச்சா மரத்தை வைத்துக்கொண்டு அவர் செய்த அந்தத் திருத்தம் இல்லையென்றால் இந்தத் தோடியும் இந்த உருவத்தில் இல்லை. பாடகர்களுக்கு உந்துதல் தந்தவர்கள் பட்டியலில் ஒரு ஆசாரியின் பெயரையும் நான் தயங்காமல் சேர்ப்பேன்.

இனி, அந்த நாகஸ்வரத்தில் மயங்கிய பாடகர் ஜி.என்.பாலசுப்ரமணியம். 1910ல் பிறந்தவர், ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ஆனர்ஸ், பார்க்க ராஜகுமாரன் மாதிரி. சாரீரத்தில் ரவை தானாகப் புரளும். அவருக்கு ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு மேல் இருந்த மோகம் ஊரறிந்தது. ஜி.என்.பி.யின் தோடியையும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி, அதைச் சுற்றிச் சுற்றிப் பிருகாக்களைச் சிதறவிட்டு, ஒரே பாய்ச்சலில் கீழே இறங்கி நிற்கும் அந்த வீச்சு பாடகர்களுடைய பழக்கமல்ல. அது வீதியில், திறந்த வெளியில், தவிலுக்கு ஈடுகொடுத்து வாசித்தவர்களின் வீச்சு.

ஆனால் இது நகல் இல்லை. விரல் செய்ததைத் தொண்டை அப்படியே செய்துவிட முடியாது. குழலில் ஒரே கோடாக வழுக்கி வரும் சங்கதி, குரலில் மணி மணியாக உதிர்கிறது. விரலின் வேகத்துக்கும் தொண்டையின் இயல்புக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, அந்த இடைவெளியில்தான் ஜி.என்.பி. பாணி பிறந்தது என்று நான் நம்புகிறேன். அந்தப் பாணியை எம்.எல்.வசந்தகுமாரி வாங்கிக்கொண்டார். ஆண் குரலின் வீச்சு அவரிடம் மெருகாக மாறியது. அவரிடமிருந்து சுதா ரகுநாதனுக்கு வந்தது. சென்னை சபாவில் சுதாவின் ராக ஆலாபனைக்குக் கைதட்டுகிற ஒருவர், தனக்கே தெரியாமல் திருவாவடுதுறைக்கும் சேர்த்தே தட்டுகிறார்.

பாடகர்கள் நாகஸ்வரத்திடம் கற்கும் வழக்கம் அதோடு முடிந்துவிடவில்லை. பாடகர் சஞ்சய் சுப்ரமணியன் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போன ஆசிரியர்களில் செம்பொன்னார்கோவில் எஸ்.ஆர்.டி.வைத்தியநாதன் ஒருவர். அவர் ரக்தி மேளம் என்கிற வாசிப்பு முறைக்குப் பேர்போன குடும்பத்து நாகஸ்வர வித்வான்.

ஏன் நாகஸ்வரம்? விடை கோயில் வீதியில் இருக்கிறது. சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. அதில் சொல் கிடையாது, வெறும் நாதமும் தாளமும்தான். பிறகு வீதியில் நின்று நின்று ராகம். அவசரம் இல்லை. கச்சேரி மேடையில் ஆலாபனைக்குப் பிறகு கீர்த்தனை காத்துக்கொண்டிருக்கும். வீதியிலோ ராகத்துக்கு அடுத்து ராகமே. ராகத்தை அதன் முழு விஸ்தாரத்தில் பார்க்க விரும்பிய பாடகனுக்கு அந்த வீதியோரத் திண்ணையைவிட நல்ல பள்ளிக்கூடம் இருந்ததில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வாத்தியார்களை நாம் நடத்திய விதம் வேறு. ராகத்தைக் கேட்டுக்கொண்டவர் சபாவில் உட்கார்ந்து பாடினார், கொடுத்தவர் சட்டையில்லாமல் தெருவில் நின்று வாசித்தார். ராஜரத்தினம் பிள்ளை அதற்குச் சம்மதிக்கவில்லை. மேடை கேட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார், கோட்டும் போட்டுக்கொண்டார். அதைத் திமிர் என்றவர்கள் இருந்தார்கள். அந்தத் தோடியை வாசித்தவருக்கு அது நியாயமான உரிமை என்பதே என் கட்சி.

1956 டிசம்பர் 12 அன்று அவர் காலமானார். சீடர் காருகுறிச்சி அருணாசலம் அவர் வழியைத் தொடர்ந்தார். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டு ஆபேரியில் உருகிய நாகஸ்வரம் அவருடையதுதான். தமிழ்நாட்டின் டீக்கடைகளில்கூட ஒலித்த வாசிப்பு அது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கும் பந்திக்கும் நடுவே நாகஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரைப் பார்ப்பதில்லை. நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். தோடி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், அவர் நிச்சயம் வாசிப்பார்.