திறந்து கிடந்த வான்வெளி

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் மலேசியாவின் எம்.எச்.17 விமானம் ஏவுகணையால் தகர்க்கப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அதற்கு ரஷ்யாவே பொறுப்பு என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கவுன்சில் 2025 மே மாதம் முடிவு செய்தது. பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கக் கூடாது என்னும் சிகாகோ உடன்படிக்கையின் '3 பிஸ்' பிரிவுதான் அடிப்படை. 1983இல் கொரிய விமானத்தைச் சோவியத் போர் விமானம் வீழ்த்தி 269 பேர் மாண்ட பின், மறு ஆண்டே ஏற்கப்பட்ட பிரிவு அது. நடைமுறைக்கு வர 1998 ஆயிற்று. நாடுகளுக்கிடையிலான ஒரு வழக்கை முழுதாக விசாரித்துக் கவுன்சில் முடிவு சொன்னது இதுவே முதல் முறை. தாமதம்தான், ஆனாலும் சாதனை.

சட்டம் தடுமாறுவது வேறோர் இடத்தில். அந்த வான்வெளி ஏன் திறந்திருந்தது? மூன்று நாள் முன்பு, ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில் பறந்த ராணுவச் சரக்கு விமானம் ஒன்று அங்கே வீழ்த்தப்பட்டது. உடனே உக்ரைன் 32,000 அடி வரை தடை விதித்தது. எம்.எச்.17 பறந்த உயரம் 33,000 அடி. காகிதத்தில் எல்லாம் சரி! வான்வெளியை முழுதாக மூடப் போதிய காரணம் இருந்தது என்று நெதர்லாந்து பாதுகாப்பு வாரியம் 2015இல் சொன்னது. போர் நடக்கும் நாடுகள் தாமாக முன்வந்து மூடுவது அரிது என்றும் சொன்னது. அரிதாக இருப்பதில் வியப்பில்லை. மூடினால் கட்டண வருமானம் போகும். நாடு தன் பிடியில் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். உடன்படிக்கையோ வான்வெளி இறையாண்மையை அரசிடமே தந்து, ராணுவத் தேவைக்காகவும் பொதுப் பாதுகாப்புக்காகவும் 'தடை செய்யலாம்' என்பதோடு நின்றுவிடுகிறது.

இப்படிக் கேட்பது தாக்கப்பட்ட நாட்டின் மீதே பழியைத் திருப்புவதாகாதா என்பார்கள். ஆகாது. ஏவுகணையை விட்டவரின் குற்றம் இதனால் இம்மியும் குறைவதில்லை. சுடாதிருப்பதும் ஆபத்தான வான்வெளியை மூடுவதும் தனித்தனிக் கடமைகள். விமான நிறுவனங்களே முடிவெடுக்கட்டும் என்ற வாதமும் நிற்காது. எந்த ஆயுதம் எங்கே நிற்கிறது என்ற உளவுத் தகவல் அரசுகளிடம் இருக்கிறது, நிறுவனங்களிடம் இல்லை. 2020 ஜனவரியில் ஈரான், அமெரிக்கத் தளங்கள் மீது ஏவுகணை வீசிய சில மணி நேரத்துக்குள் தெஹ்ரானிலிருந்து பயணிகள் விமானத்தைக் கிளம்ப விட்டது. அதன் படையே அதைச் சுட்டது. 176 பேர் இறந்தார்கள். மூடும் அதிகாரம் அந்தந்த அரசிடமே இருக்கட்டும். ஆனால் ஆபத்து தெரிந்தும் மூடாத அரசிடம் விளக்கம் கேட்கவும், அதன் வான்வெளியைத் தவிர்க்கும்படி மற்ற நாடுகளை உடனே எச்சரிக்கவும் கவுன்சிலுக்குக் கட்டாய அதிகாரம் வேண்டும்.