நெக் பாக்கெட்டின் ஓரம்

பேஸ் கிதாரைக் கையில் வாங்கியதும் என் கண் போகும் இடம் பிக்கப் அல்ல, நெக் வந்து உட்காரும் குழியின் ஓரம். அதிலும் ஜி கம்பி ஓடும் பக்கம், மரம் மெலிந்து நிற்கும் அந்த மூலை. 1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது நெக்கைப் பசை போட்டு ஒட்டவில்லை. நான்கு ஸ்க்ரூவால் முடுக்கினார். வேண்டும்போது கழற்றலாம், மாட்டலாம். அந்த வசதிக்கான வாடகையை இன்றுவரை கட்டிக்கொண்டிருப்பது இந்த மூலைதான்.

அங்கே தெரியும் கோடு பெரும்பாலும் மேல்பூச்சின் வெடிப்பு. உள்ளே மரம் தேமேயென்று இருக்கும். நெக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். கோடு வாய் திறந்தால் மரம் போயிருக்கிறது. அசையாமல் கிடந்தால் பாலிஷோடு சரி. இதைக்கூடப் பார்க்காமல் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்துத் தரும் கைகள் பெருகிவிட்டன. பளபளப்பைப் பார்த்து நாமும் காசு கொடுத்துவிட்டு வருகிறோம்.

வடசென்னைக் கடலோரத்தில், ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை, விரிசல் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மரத்தை அல்ல, இரும்பை. உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்தே மரத்தை நெட்டும். ஸ்ட்ராப் பட்டனில் இறுகிப்போன ஸ்க்ரூவை முரட்டுத்தனமாகத் திருகினால் மரம் ரேகையோடு பிளந்துவிடும். சால்டரிங் அயர்ன் நுனியை அதன் தலையில் சற்று வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டுத் திருகினால் பிடி விட்டுப் பெரும்பாலும் கழன்று வரும். புதிதாகப் போடுவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அளவான துளை போட்டு, மரையில் மெழுகு தேய்த்த பிறகே முடுக்க வேண்டும். அந்த மெழுகின்மேல் எனக்குத் தனிப் பிரியம். நாளை இன்னொருவர் இதைக் கழற்றுவார் என்று நினைத்துச் செய்கிற வேலை அது.

வச்சிரப்பசையின் பக்கம் நான் நிற்பதும் அதனால்தான். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. ஊறவைத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து அறுபது டிகிரி அளவில் இளக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். கம்பிகளைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றி, பிளவை இதமாகச் சூடாக்கி, பசை உள்ளே இறங்கும்வரை மெல்லத் திறந்து மூட வேண்டும். குளிர்நாட்டில் இந்தப் பசை நொடியில் உறைந்து கைவேலையைக் கெடுக்கும். நம் ஊர் மே மாதமோ நிதானமாக வேலை பார்க்க நேரம் தருகிறது. வெக்கையில் எனக்குத் தெரிந்த ஒரே லாபம். கிளாம்பை வாய் மூடும் அளவுக்குப் போட்டால் போதும்; நெரித்தால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிடும். காற்று ஈரமாக இருப்பதால் ஒரு நாள் முழுக்க அப்படியே விடலாம்.

எபாக்ஸி பசையே போதும் என்னும் நண்பர்கள் உடனே பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸை இழுப்பார்கள். உண்மைதான், தன் 1962 ஜாஸ் பேஸில் அவர் படகுக்குப் பூசும் எபாக்ஸியைத்தான் பூசினார். பூசியது விரல்பலகையில், கம்பி அறுக்காமல் இருக்க. விரிசலுக்கு அல்ல. பின்னாளில் அந்த பேஸ் துண்டுதுண்டாக உடைந்தது. கிதார் பழுது பார்க்கும் கெவின் காஃப்மனும் ஜிம் ஹாமில்டனும் அதைப் பொறுமையாகச் சேர்த்தார்கள். எபாக்ஸியின் வலுவை நான் மறுக்கவில்லை. அடுத்த முறை பிளந்தால், பசை விடாமல் பக்கத்து மரம் பிய்ந்து வரும் என்பதே என் வருத்தம். வச்சிரப்பசை ஈரத்தில் இளகும் என்ற அவர்கள் குறை நியாயமானது. இளகியதை மறுபடி ஒட்டலாம். பிய்ந்த மரத்தை என்ன செய்வது?

ஒட்டுவதைவிடப் பிளக்காமல் காப்பது மேல். முன்பெல்லாம் ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கல்யாணங்களில் பேஸ்காரர்கள் பாட்டு முடிந்ததும் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். இன்று மெல்லிய துணி உறையோடு பைக்கில் போகிறார்கள். 2018-இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவையும் பேஸையும் ஒரே மேடையில் ஏற்றிய பிறகு, திறந்தவெளியில் நிற்கும் பேஸ்கள் கூடியிருக்கின்றன. சந்தோஷம். ஆனால் கடற்காற்றில் ஊறிய மரத்தை நேராக ஏசி ஸ்டூடியோவுக்குள் உருவி எடுக்காதீர்கள். மரம் நீளத்தில் சுருங்குவது அற்பம், அகலத்தில்தான் சுருங்கும். ரேகை பிளப்பது அதனால்தான். பெட்டியை மூடியபடியே அரைமணி வைத்துவிட்டுத் திறங்கள்.

1995-இல் ஃபெண்டர் கஸ்டம் ஷாப் புது வாத்தியத்தைப் பழசாக்கி விற்கத் தொடங்கியதிலிருந்து காயம் அலங்காரமாகிவிட்டது. எனக்கு அது ஒட்டவில்லை. அதேசமயம் ஒட்டிய கோடு மயிரிழையாகத் தெரிவதில் எனக்கு வெட்கமும் இல்லை. பழுது பார்க்கக் கொடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: என்ன பசை, அதைத் திரும்பத் திறக்க முடியுமா? பதில் வராத கடையிலிருந்து பேஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.